தட்டினால் அடிக்கும் பிளாஷ்

இடது கன்னத்தில் ஒரு தட்டு. அடிக்கவில்லை. வலது கன்னத்தில் ஒரு தட்டு. பளிச்சென்று அடித்துவிட்டது. எலியேசர் அண்ணாச்சி கேமராவை இறக்கிவிட்டு, பாஸ்போர்ட் படத்துக்காக ஸ்டூலில் விறைத்து உட்கார்ந்திருந்தவரிடம், "பாத்தீயளா? சொன்னா கேக்கும். என்ன, ரெண்டு தடவ சொல்லணும்" என்றார். ஸ்டூலில் இருந்தவர் இரண்டாவது தட்டுக்கே கண்ணை இறுக மூடிவிட்டிருந்தார். ஆகவே மறுபடியும் இடது கன்னம், மறுபடியும் வலது கன்னம்.

கேமராவின் தலையில் செருகியிருக்கும் பிளாஷை இப்படித் தட்டித்தான் அண்ணாச்சி கொஞ்ச காலமாகத் தொழில் நடத்துகிறார். பக்கத்து மேசையில் வீடியோ வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும் கண்ணுச்சாமி தலையைத் தூக்காமலே சொல்வார். "ஒங்க கோயில் பிளாஷுல்லா. அதான் மறு கன்னத்தையும் காட்டுது."

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது எலியேசர் டிஜிட்டல்ஸ். பெயர் அண்ணாச்சியுடையது. போட்டோ அவர், வீடியோ கண்ணுச்சாமி. படங்களை வெட்டுவது, பிரேமுக்குள் அடக்குவது, கல்யாணங்களுக்குப் போனால் மணப்பெண்ணின் முந்தானையையும் நகைகளையும் படத்துக்குச் சரி செய்வது என் வேலை. ஆண்கள் மணப்பெண்ணின் சேலையைத் தொடக் கூடாது என்பதால் எனக்கு இந்த வேலை கிடைத்தது. பேசத் தேவையில்லாத வேலை என்பதால் எனக்குப் பிடித்தும் போனது.

அண்ணாச்சிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. மீசைக்குத் தாண்டவில்லை, அது மாதம் தவறாமல் கறுத்துவிடும். எங்கே போனாலும் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை. செண்பகத்தோப்புப் பக்கம் புதுமணத் தம்பதியைப் படம் எடுக்கப் போனாலும் அதேதான். முள்ளுக்குள் குப்புறப் படுத்துப் படம் எடுத்துவிட்டு எழுந்தால், அந்த மண்ணின் நிறம் என்ன என்று அவர் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய செண்ட் பாட்டில். மேடை ஏறுவதற்கு முன் இரண்டு அக்குளுக்கும் ஒவ்வொரு பீச்சு. "போட்டோகிராபர் நாறுனா பொண்ணு மூஞ்சியச் சுளிக்கும். அது அப்படியே படத்துல விழும். நாத்தம் படத்துல விழாதுன்னு எவன் சொன்னான்?"

மணமக்களை அதட்டுவதில் அவருக்கு இணை கிடையாது. "மாப்ள, பொண்ணப் பாருங்க. ரேஷன் கட வரிசையப் பாக்குற மாதிரி பாக்காதீய." "ஏ தாயி, சிரி. ஒன்னத்தான் கட்டிக் குடுக்காவ, ஒங்க அப்பாவ இல்ல." வெட்கத்தில் குனிந்திருக்கும் பெண்கள்கூடக் குபுக்கென்று சிரித்துவிடுவார்கள். அந்தக் கணத்தில் படபடவென்று எடுத்துத் தள்ளுவார். பிளாஷ் அடித்தால்.

வெளிச்சத்தைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை உண்டு. "வெளிச்சங்கிறது நாம கொண்டுபோறது. அங்க கெடக்கதப் பொறுக்குறது இல்ல." இப்போதைய கேமராக்கள் அரையிருட்டிலும் படம் எடுக்கும் என்று கண்ணுச்சாமி சொன்னால், "பூனையும்தான் இருட்டுல பாக்குது, அதக் கூட்டிட்டுப் போயேன்" என்பார். கண்ணுச்சாமி வீடியோவுக்காக ஏற்றும் பெரிய விளக்கு பக்கத்திலேயே நின்றாலும் அதன் தயவில் ஒரு படம் எடுக்க மாட்டார். அது அடுத்தவன் சோறு.

இருபது வருடமாக ஒரே கடையில் இருக்கிறார்கள். ஒருவர் சாமி விஷயத்தில் இன்னொருவர் தலையிடுவதில்லை என்பது ஒப்பந்தம். ஆயுத பூஜை அன்று கண்ணுச்சாமி வாழையிலை விரித்து, கடையில் உள்ள அத்தனையையும் துடைத்து அடுக்கி, சந்தனம் குங்குமம் வைப்பார். கேமரா, கம்ப்யூட்டர், கத்தரிக்கோல், என் பசை டப்பா, எதுவும் தப்பாது. அப்போது அண்ணாச்சி டீ குடிக்கப் போய்விடுவார். பொரியும் சுண்டலும் பொட்டலம் கட்டும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். அதுபோல வருடப் பிறப்பு ஆராதனைக்கு அண்ணாச்சி கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போவார். பாஸ்டர் எபனேசர் தொழில் சாமான்களுக்கு எண்ணெய் தொட்டு வைத்து ஜெபிப்பார். அன்றைக்குக் கண்ணுச்சாமி அந்தப் பக்கம் போகமாட்டார். கேக்கை மட்டும் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்வார்.

பிளாஷுக்கு நோய் கண்டது ஐப்பசியில். கேமராவில் ஏற்றிப் பொத்தானை அமுக்கினால் சும்மா இருக்கும். தட்டினால் அடிக்கும். சில நேரம் தன்னிடம் உள்ள அத்தனை வெளிச்சத்தையும் ஒரே மூச்சில் கொட்டிவிடும்; மணப்பெண் கோலப்பொடி மூட்டைக்குள் விழுந்து எழுந்தவள் போலப் படத்தில் நிற்பாள். கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் முதுகில் உள்ள சோதனைப் பொத்தானை அமுக்கினால் மட்டும் ஒரு தடவைகூடத் தவறாது. "கைல இருந்தா நல்ல பிள்ள. பள்ளிக்கூடத்துல விட்டாத்தான் ஊமையாயிருது" என்றார் அண்ணாச்சி.

வைத்தியம் தொடங்கியது. முதலில் பேட்டரி என்றார். புதிய பேட்டரிகள் வந்தன. பழையவற்றைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டார். அந்தக் கடிகாரம் இன்றுவரை ஒரு நிமிடம் பிசகாமல் ஓடுகிறது. அடுத்து, ஈரம் என்றார். அய்யனார் கோவில் ஆற்றில் ஒரு ஜோடியைக் கால் நனைக்க வைத்துப் படம் எடுத்தபோது சாரல் பட்டிருக்குமாம். ஈரத்தை அரிசி உறிஞ்சும் என்று யாரோ போனில் அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டு, வீட்டு அரிசிப் பானைக்குள் பிளாஷைப் புதைத்து வைத்தார். மறுநாள் உலை வைக்கப் போன அவர் மனைவி ஜெயக்கொடி அக்கா படியில் அரிசியோடு அதையும் அள்ளிவிட்டார். கடைக்கே கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"எங்க வீட்ல அவிய அதட்டி அடங்குன ஒரே சீவன் இதுதான். இப்ப இதுவும் அடங்க மாட்டேங்குதாம். ஏட்டி பரிபூரணம், ஊதிப் பாரு, உள்ள அரிசி கெடக்கும்."

ஊதினேன். இரண்டு அரிசி விழுந்தது. நோய் தீரவில்லை.

மூன்றாவதாக அண்ணாச்சி கண்ணேறு என்று சொல்ல நினைத்தார். ஆனால் அவர் கோயிலில் அப்படி ஒன்று இருப்பதாக ஒப்புக்கொள்வதில்லை. யோசித்துவிட்டு, "பொறாமையின் ஆவி" என்றார். "அதுக்குப் பேரு எங்கூர்ல கண்ணுதான்" என்றார் கண்ணுச்சாமி. பழுது பார்க்க மதுரைக்கு அனுப்பலாம் என்றால், ஏற்கெனவே இன்னொரு பிளாஷ் அங்கே போய் மாதக்கணக்கில் படுத்திருந்தது. இதையும் அனுப்பிவிட்டால் தட்டுவதற்குக்கூடக் கையில் ஒன்று இல்லை.

இதற்கு நடுவில்தான் ஏட்டையா வீட்டுக் கல்யாணம் வந்தது.

தளவாய்புரம் சங்கிலிப்பாண்டி போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணுச்சாமிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். ஐப்பசியில் அவர் மகன் வல்லரசுவின் கல்யாணத்தை எங்கள் கடைதான் எடுத்தது. தாலி கட்டும் நேரத்தில் பிளாஷ் ஊமையாகிவிட்டது. எடுத்த அத்தனை படமும் கரி. அண்ணாச்சி பதறிப்போய், "மாப்ள, செத்த நேரம் அப்படியே இன்னொருக்க கட்டுற மாதிரி புடிங்க" என்று கேட்டுவிட்டார். மேடையில் இருந்த பெண்கள் போட்ட சத்தத்தில் மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள்.

கறுப்பாகப் போன பக்கத்தை ஆல்பத்தில் என்ன செய்வது? அண்ணாச்சி அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தைப் போட்டு, சுற்றிலும் ரோஜாப்பூ தூவி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் இரு ஓரத்தில் மிதக்கவிட்டார். பார்ப்பதற்கு லட்சணமாகத்தான் இருந்தது. சங்கிலிப்பாண்டி ஆல்பத்தை எடுத்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். மேசையில் விரித்து, கோபுரத்தின் மேல் விரலை வைத்தார்.

"எலியேசரு, எம்மவன் யாருக்குத் தாலி கட்டுனான்? இந்தக் கோபுரத்துக்கா?"

அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து ஆல்பத்தின் ஓரத்தைத் துடைத்தார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை.

"தையில எம்மவளுக்குக் கல்யாணம். புத்தூர்ல மண்டபம். நீதான் எடுக்க. வேற ஆள் பாத்துக்கிட எனக்குத் தெரியும். ஆனா நீ தப்பிச்சிருவ. மாரீஸ்வரி கழுத்துல தாலி ஏறுறது படத்துல விழணும். அவளுக்கு ஒரு தடவதான் ஏறும், ஒத்திக கெடையாது. அதுவும் கோபுரமாப் போச்சுன்னா, பொறவு நீ கேமராவத் தூக்கிட்டு எங்கூர்ப் பக்கம் தல வைக்கக் கூடாது. சேத்தூருக்கும் சேத்துத்தான் சொல்லுதேன்."

எங்கள் கடைக்கு வரும் கல்யாணங்களில் பாதிக்கு மேல் அந்தப் பக்கத்தில் இருந்துதான். அவர் இறங்கிப் போன பிறகு கண்ணுச்சாமி, "அண்ணன் சொன்னா செஞ்சிருவாரு. ஒன்ன விடு, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அங்க நல்லது கெட்டதுக்குப் போவேன்?" என்றார். அண்ணாச்சி பிளாஷைக் கழற்றி வழக்கம்போலத் தலைகீழாக மேசையில் நிறுத்தினார். அதன் தலை தட்டை. அப்படி நிறுத்தினால்தான் சாயாது. அன்றைக்கு அதைத் தட்டவில்லை.

கல்யாணத்தன்று மண்டபத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்பும் அப்போதுதான் வைத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சி இரண்டு பீச்சு பீச்சிக்கொண்டார். பிறகு, பதற்றம் போல, இன்னும் இரண்டு. மாப்பிள்ளை பாலகணேஷ் பட்டாளத்துக்காரர். யார் படம் எடுக்க வந்தாலும் அணிவகுப்புக்கு நிற்பது போல நின்றார். அண்ணாச்சி அவரைச் சீண்டக்கூட இல்லை. பெண் அறையில் ஐந்து படம் எடுத்தார். ஒன்றில் மட்டும் பிளாஷ் அடித்தது. அதிலும் மாரீஸ்வரி மாவாகிவிட்டாள்.

"தட்டுங்க அண்ணாச்சி" என்று அவளே சொன்னாள். விஷயம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

முகூர்த்தம் நெருங்கியது. அண்ணாச்சி என்னையும் கண்ணுச்சாமியையும் சமையல்கட்டுக்குப் பக்கத்துத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதிய பேட்டரி போட்டார். கழற்றிக் கையில் வைத்துச் சோதனைப் பொத்தானை அமுக்கினார். பளிச். அடுப்படியில் இருந்து, "எங்களையும் எடுக்காவடோய்" என்று குரல் வந்தது. கேமராவில் ஏற்றினார். சத்தமில்லை. கண்ணுச்சாமியின் இன்னொரு கேமராவில் ஏற்றினார். அதிலும் சத்தமில்லை.

"ரெண்டு கேமராவும் ஒண்ணு போல கெட்டுப் போவாது. இதுலதான் கோளாறு" என்றார் கண்ணுச்சாமி.

"அதத்தான ஐப்பசியில இருந்து சொல்லுதேன்."

"நீ ஆவின்னுல்லா சொன்ன?"

அண்ணாச்சி கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைக்க, பிளாஷை என்னிடம் நீட்டினார். நானும் பழக்கத்தில் அதைத் தலைகீழாகப் பிடித்தேன். கேமராவில் செருகும் அதன் கால் மேலே தெரிந்தது. காலுக்கடியில் சின்னச் சின்னச் செம்பு முனைகள் இருக்க வேண்டும். அவற்றின் வழியாகத்தான் கேமரா பிளாஷோடு பேசும். ஒரு முனைகூட முழுசாகத் தெரியவில்லை. அந்த இடத்தில் மஞ்சளாக, பக்குக் கட்டிய புண் போல ஏதோ காய்ந்து கிடந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. மேலே பிசுபிசுவென்று ஒரு மினுக்கம், அதில் ஒட்டிய தூசி. அப்படியே அண்ணாச்சியின் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

அவர் கண்ணாடியை நெற்றியில் இருந்து இறக்கினார்.

"ஏலே கண்ணுச்சாமி. இது என்ன?"

கண்ணுச்சாமி குனிந்து பார்த்தார். "பொட்டு."

"யார் வச்சது?"

"நான்தான். ஆயுத பூஜைக்கு. எல்லாத்துக்கும் நெத்தியிலதான வச்சேன்?"

"ஏலே, இது நெத்தி இல்ல, காலு!"

"நீ தலகீழால்லா நிப்பாட்டி வச்சிருந்த! எது மேல இருக்கோ அதான நெத்தி? இது என்ன ஆடா மாடா, மொகத்தப் பாத்து வைக்கதுக்கு?"

அன்றைக்கு அவர் பொட்டு வைத்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். முனைகள் முழுசாக மூடாததால்தான் தட்டும்போது ஏதாவது ஒன்று தொட்டு, பிளாஷ் அடித்திருக்கிறது. அண்ணாச்சிக்கும் அது உறைத்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு மேற்கொண்டு ஏதோ சொல்லப் போனார். கண்ணுச்சாமி முந்திக்கொண்டார்.

"சந்தனம் காஞ்சா பொடியா உதுந்துரும். இது ஏன் உதுரல? மேல எண்ணெய் இருக்கு பாரு. இது எங்க எண்ணெய் இல்ல."

அண்ணாச்சி விரலால் தொட்டுப் பார்த்தார். வருடப் பிறப்புக்குப் பையைத் திறந்து காட்டியபோதும் பிளாஷ் தலைகீழாகத்தான் நின்றிருக்கும். பாஸ்டரும் எது மேலே தெரிந்ததோ அதில்தான் தொட்டு வைத்திருப்பார்.

"அப்ப ரெண்டு சாமியும் சேந்து அது கால்ல விழுந்திருக்கு" என்றார் கண்ணுச்சாமி. "பொறவு அது எப்படி நம்ம பேச்சக் கேக்கும்?"

"சிரிக்காத. தொட."

"எஞ்சந்தனத்த நான் தொடைச்சிருவேன். ஆனா எண்ணெய் உன்னுது. நீ தொடைக்காம நான் கை வச்சேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது."

"அது ஜெபிச்ச எண்ணெய்டே. தொழிலுக்கு ஆசீர்வாதம் இந்த வருசம் முழுக்க நிக்கும்னு சொல்லி வச்சது. நான் எப்படி..."

"அப்ப வச்சிக்கோ. ஆசீர்வாதம் பத்திரமா இருக்கட்டும். தாலி கரியாப் போட்டும்."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிளாஷ் என் கையில் இருந்தது. என் சேலைத் தலைப்பும் என்னிடம்தான் இருந்தது. ஆனால் அது என் எண்ணெயும் இல்லை, என் சந்தனமும் இல்லை. உள்ளே மேளத்தின் வேகம் மாறியது. தாழ்வார முனையில் சங்கிலிப்பாண்டி வந்து நின்றார். பட்டு வேட்டி, பட்டுத் துண்டு, அதே போலீஸ் முகம்.

"பொண்ணு மணவறைக்கு வந்தாச்சு. இங்க என்ன மூணு பேரும் கோபுரம் தேடுதியளா?"

அண்ணாச்சி என்னிடம் இருந்து பிளாஷைப் பிடுங்கினார். கண்ணை இறுக மூடினார். உதடு அசைந்தது, மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், நீளமாகக் கேட்க நேரமில்லை. சட்டைப் பையில் இருந்து செண்ட் பாட்டிலை எடுத்துக் கைக்குட்டையில் நான்கைந்து தடவை பீச்சினார். பிளாஷின் காலை அழுத்தித் துடைத்தார். எண்ணெய் போனது. அதன் கீழ் இருந்த சந்தனம் இளகி, கைக்குட்டை மஞ்சளானது, பிறகு சிவந்தது. கடைசியில் ஐந்து செம்பு முனைகள் வெளியே வந்து மினுங்கின. தாழ்வாரம் முழுக்கச் செண்ட் வாடை. சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தவர் தும்மினார்.

"என்னலே பண்ணுதான் இவன்?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"குளிப்பாட்டுதான்ணே" என்றார் கண்ணுச்சாமி.

மேடைக்கு ஓடினோம். நான் மாரீஸ்வரியின் மாலையை ஒதுக்கி, கழுத்து தெரியும்படி செய்துவிட்டு விலகினேன். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு போனைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்து மறைத்தார்கள். "அந்தப் போன எறக்குங்க! ஏ சித்தப்பா, ஒம்ம முதுகு நல்லாத்தான் இருக்கு, ஆனா அதுக்கா தாலி கட்டப்போறாவ?" என்று அண்ணாச்சி கத்தினார். அவருடைய பழைய குரல் திரும்பியிருந்தது. மாரீஸ்வரி களுக்கென்று சிரித்தாள். பட்டாளத்துக்காரருக்கே உதடு கோணியது.

கெட்டிமேளம். பாலகணேஷின் கை பின்பக்கம் போனது. அண்ணாச்சி கேமராவைக் கண்ணில் வைத்தார். அவருடைய இடது கை தானாகவே உயர்ந்து பிளாஷின் கன்னத்துக்குப் பக்கத்தில் போனது. அங்கேயே நின்றது. மெல்லக் கீழே இறங்கி லென்ஸைப் பிடித்துக்கொண்டது. பொத்தானை அமுக்கினார்.

பளிச். பளிச். பளிச். அட்சதை எல்லாம் ஆகாயத்திலேயே நின்றது போல இருந்தது.

தாலி கட்டி முடிந்து, மணமக்கள் சுற்றி வரக் கிளம்பும்போதே சங்கிலிப்பாண்டி மேடை ஓரமாக வந்து கையை நீட்டினார். அண்ணாச்சி கேமராவின் திரையைக் காட்டினார். கறுத்த மீசைக்குக் கீழே உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். ஏட்டையா படத்தைப் பார்த்தார். முடிச்சுப் போடும் விரல்கள், குனிந்த கழுத்து, அந்தப் பாதிச் சிரிப்பு. வெகுநேரம் பார்த்தார். துண்டால் கண்ணை ஒத்திக்கொண்டு, செண்ட் நெடி மேல் பழியைப் போட்டார். பிறகு, "ம். கோபுரம் இல்ல" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு ஆள் பிடிக்கப் போய்விட்டார்.

பந்தியில் கண்ணுச்சாமி இரண்டு பாயாசம் வாங்கி, ஒன்றை அண்ணாச்சி பக்கம் தள்ளினார். அடுத்த ஆயுத பூஜைக்கு பிளாஷை நேராக நிறுத்துவது என்று ஒப்பந்தம் திருத்தப்பட்டது. "பாஸ்டர்ட்டயும் சொல்லிரு" என்றார். "அவருக்கும் நெத்தி எதுன்னு தெரியட்டும்."

சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு நான் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வாசல் மேசையில் யாரும் இல்லை. சந்தனம் கிண்ணத்தின் ஓரத்தில் காயத் தொடங்கியிருந்தது. அண்ணாச்சி கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டபடி அங்கே வந்தார். பிளாஷைக் கழற்றிக் கையில் எடுத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடி ஜெபித்தார். ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். செருப்புக் குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்த என்னைப் பார்க்கவில்லை.

பிளாஷை ஒருமுறை புரட்டி, எது கால் எது தலை என்று நிச்சயப்படுத்திக்கொண்டார். சுண்டுவிரலால் சந்தனத்தைத் தொட்டு, அதன் நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தார். விரலில் மிச்சம் இருந்ததை வெள்ளைப் பேண்டில் துடைத்துக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.